சலவை மூலைக்கு அளவான மர மேற்பலகை

பாரிசின் லாச்சப்பலைச் சுற்றியுள்ள வீடுகளில் உடுப்புத் தோய்க்கவென்று தனியறை கிடைத்தால் அது அதிர்ஷ்டம். பெரும்பாலும் குசினியின் ஓரத்திலோ, குளியலறை மூலையிலோ, கதவு கழற்றிய அலுமாரிக் குழிக்குள்ளோதான் மெசின் நிற்கும். அதன் தலையில் சவர்க்காரத்தூள் பெட்டி, பக்கத்தில் அரிசி மூட்டை, இரண்டுக்கும் மேலே மடிக்காத உடுப்பு. அந்த இடத்துக்கு அளவாக ஒரு மேற்பலகை போட்டால் உடுப்பு மடிக்கவும் சாமான் வைக்கவும் இடம் கிடைக்கும். மரவேலை பழகாதவரும், துணைக்கு ஒருவர் இருந்தால், இதைச் செய்து முடிக்கலாம்.

கடையில் விற்கும் பலகையை வாங்கி அப்படியே வைத்துவிட முடியாமைக்குக் காரணம் சுவர். 1860இல் பாரிசோடு சேர்க்கப்படும் வரை லாச்சப்பல் ஒரு தனி ஊர். இங்குள்ள பல கட்டிடங்கள் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மூலைகள் சதுரமாக இருக்காது, சுவர் வயிறு தள்ளியிருக்கும், நிலம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். எனவே பலகையை அந்தச் சுவருக்கு ஏற்ப வெட்ட வேண்டும்.

வேலை முழுவதற்கும் ஒரு விதியை மனதில் வையுங்கள்: பலகையின் பாரம் சுவரில் தங்க வேண்டும், மெசின் அதைத் தொடவே கூடாது, நாளைக்குக் கழற்ற வேண்டி வந்தால் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும். கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த விதியிலிருந்து வந்தவைதான்.

## தொடங்குமுன் மூன்று கேள்விகள்

மெசின் எந்தப் பக்கம் திறக்கிறது? முன்பக்கம் திறக்கும் மெசின் வழக்கமாக 85 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம் இருக்கும். அதன் மேல் பலகை போடலாம். பிரான்சில் மேலே திறக்கும் ஒடுக்கமான மெசின்களும் நிறைய உண்டு. அவை 40 முதல் 45 செ.மீ. அகலமே. அவற்றின் மேல் நிலையான பலகை போட முடியாது. மெசினுக்குப் பக்கத்து இடத்தை மட்டும் பலகையால் மூடுங்கள். அல்லது மெசினுக்கு மேல் வரும் பகுதியை 18 மி.மீ. பிளைவுட்டில் தனியாக வெட்டி, கீல் போட்டு, தூக்கினால் சுவரில் கொழுவி நிற்கும்படி செய்யுங்கள். கனமான ஓக் பலகையைக் கீல் மூடியாக்காதீர்கள். அது விழுந்தால் கைவிரல் நசியும்.

வீடு யாருடையது? வாடகை வீடென்றால், 1989 ஜூலை 6ஆம் திகதிய வாடகைச் சட்டத்தின்படி உரிமையாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் வீட்டின் அமைப்பை மாற்ற முடியாது. கழற்றக்கூடிய பலகை அமைப்பு மாற்றம் ஆகாது. என்றாலும் சுவரில் துளை போடுகிறீர்கள். உரிமையாளருக்கு இரண்டு வரி எழுதி, பதிலை வைத்திருப்பது நல்லது. வெளியேறும் நாளில் துளைகளை அடைத்துவிட்டுப் போங்கள்.

சுவர் எதனால் ஆனது? விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். உள்ளே வெறுமையான ஒலி கேட்டால் அது பிளாக்கோ (ஜிப்சம்) பலகைச் சுவர். ஒலி இல்லாமல் திண்மையாக இருந்து, துளைக்கும்போது வெள்ளைத் தூள் வந்தால் சாந்துக் கட்டி. சிவப்புத் தூள் என்றால் செங்கல். ஒவ்வொன்றுக்கும் செருகுஆணி (கடையில் ஷெவில்) வேறு. பிளாக்கோவுக்கு உள்ளே விரியும் உலோக மோலி. செங்கல்லுக்கு 8 மி.மீ. நைலோன் ஷெவில். சாந்துக் கட்டிக்கு நீளமான நைலோன் ஷெவில், துளைக்கும்போது ட்றில்லின் சம்மட்டி இயக்கத்தை நிறுத்திவிட வேண்டும்.

## பாதுகாப்பு: முதல் துளைக்கு முன்

- ஈயம். 1949க்கு முன் கட்டிய வீடுகளின் பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். வீடு வாங்கும்போதோ வாடகை ஒப்பந்தத்தோடோ தந்த பரிசோதனை அறிக்கையைப் பாருங்கள். ஈயம் உள்ள சுவரை உலர்ந்தபடி உரசாதீர்கள். துளையிடும் இடத்தை ஈரத்துணியால் பிடித்துத் துடையுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.
- அஸ்பெஸ்டஸ். கட்டிட அனுமதி 1997 ஜூலை 1க்கு முன் பெற்றிருந்தால் பழைய நிலவிரிப்பு ஓடுகளிலும் அவற்றின் பசையிலும் இது இருக்கக்கூடும். சந்தேகம் இருந்தால் நிலத்தில் துளை போட வேண்டாம். இந்த வேலைக்கு அது தேவையும் இல்லை.
- மின்சாரம். மின்கம்பி பொதுவாக சொக்கெட்டுக்கு நேர் மேலும் கீழும், அதே மட்டத்தில் பக்கவாட்டிலும் ஓடும். அந்தக் கோடுகளைத் தவிருங்கள், கம்பி காட்டும் கருவியால் சோதியுங்கள், அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ட்றில்லை வேறு அறையிலிருந்து இழுத்துப் பாவியுங்கள்.
- மெசினின் சொக்கெட். பிரெஞ்சு மின் விதிப்படி தோய்க்கும் மெசினுக்குத் தனி இணைப்பு வேண்டும்: 2.5 மி.மீ.² கம்பி, 20 அம்பியர் பிரேக்கர். பலகைக்குக் கீழே பல சொக்கெட் பெட்டியை ஒளித்து வைக்காதீர்கள். தனி இணைப்பு இல்லையென்றால் மின்தொழிலாளரைக் கூப்பிடுங்கள்.
- எரிவாயு. கொதிகலன் அதே மூலையில் இருந்தால் அதன் காற்றுத் துவாரத்தைப் பலகை மூடக்கூடாது.
- மரத்தூள். ஓக், பீச் போன்ற கடின மரங்களின் தூள் மூக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று வகைப்படுத்தப்பட்டது. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் எஃப்எஃப்பி2 அல்லது எஃப்எஃப்பி3 முகமூடி, கண்ணாடி, காதடைப்பு மூன்றும் அவசியம். கையுறையோடு வாள் மெசின் ஓட்டாதீர்கள். துணி சிக்கினால் கையையும் இழுத்துவிடும்.

சத்தம்: இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை சத்தம் செய்தால் தண்டம் வரும். பகலுக்கும் கட்டிடத்தின் கூட்டுடைமை விதிகளில் நேரம் குறித்திருக்கலாம். அதைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வாள் வேலை வேண்டாம். படியடியில் ஒரு கடதாசி ஒட்டி அயலவருக்கு முன்கூட்டியே சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

## எந்த மரம்?

கடையில் "பிளான் து திரவாய்" என்று கேளுங்கள். கீற்றுகளை ஒட்டிச் செய்த "லமெல்லே-கொல்லே" பலகைதான் உங்களுக்கு வேண்டியது. 30 மி.மீ. அளவிலான தடிப்புப் போதும்.

- ஓக் (சேன்): உறுதியானது, ஈரத்தைத் தாங்கும். ஆனால் இரும்போடு ஈரம் பட்டால் கறுத்துவிடும்.
- பீச் (எத்ர்): கடினமானது, பொதுவாக ஓக்கை விட மலிவு. ஈரத்தில் ஓக்கை விட அதிகம் விரிந்து சுருங்கும். காற்றோட்டமில்லாத குளியலறை மூலைக்கு ஏற்றதல்ல.
- றப்பர் மரம் (எவெயா): ஊரில் பால் வடித்து ஓய்ந்த அதே மரம். கனமானது, இழைக்க வசதியானது. ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். எண்ணெய் சரியாகப் பூசினால் மட்டும் எடுங்கள்.
- பேர்ச் பிளைவுட்: மிகக் குறைவாக அசையும். வளைந்து நெளிந்த பழைய சுவருக்கு வெட்டுவதும் சுலபம்.

மரத்தூளை அழுத்திச் செய்த, மேலே பிளாஸ்ரிக் தாள் ஒட்டிய மலிவான பலகையைத் தவிருங்கள். சுவருக்கேற்ப வெட்டிய ஓரத்தில் தண்ணீர் பட்டால் அது ஊதிவிடும்.

கருவிகள்: அளவு நாடா, 60 செ.மீ. நீர்மட்டம், மூலைமட்டம், ட்றில், ஜிக்சோ (கடையில் சி சோத்தேஸ்), கிளாம்ப் இரண்டு, சிறிய சீவுளி, உப்புத்தாள் 80, 120, 180, கூர்மையான பென்சில். ஜிக்சோ இல்லையென்றால் இரவல் கேளுங்கள், அல்லது ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள்.

## அளவெடுத்தல்

1. மெசினை அது நிரந்தரமாக நிற்கப்போகும் இடத்தில் வைத்து, கால்களைத் திருகி மட்டம் பிடியுங்கள். புதிய மெசின் என்றால் முதுகிலுள்ள போக்குவரத்து ஆணிகளைக் கழற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். அவை இருந்தால் மெசின் சுழலும்போது துள்ளும்.
2. மெசினின் பின்புறத்துக்கும் சுவருக்கும் இடையில் குழாய்களுக்காக 5 செ.மீ. விடுங்கள். 60 செ.மீ. ஆழமான மெசினின் முகம் அப்போது சுவரிலிருந்து 65 செ.மீ.யில் நிற்கும். கடையில் கிடைக்கும் பல பலகைகளின் அகலமும் 65 செ.மீ.தான்.
3. மெசின் நிற்கும் உயரத்தை அளவுங்கள். கையேட்டில் உள்ளதை நம்பாதீர்கள். அதோடு 5 செ.மீ. கூட்டுங்கள்: தாங்குகட்டைக்கு 4, வெற்றிடத்துக்கு 1. மெசின் 85 என்றால் பலகையின் அடிப்பக்கம் 90 செ.மீ.யில் வரும். 32 மி.மீ. பலகை போட்டால் மேல்மட்டம் 93 செ.மீ. நின்று உடுப்பு மடிக்க இந்த உயரம் வசதி. தாங்குகட்டையின் அடி மெசினை விட 1 செ.மீ. உயரத்தில் இருப்பதால், பிறகு மெசினை இழுத்தெடுக்கும்போது எதிலும் முட்டாது.
4. அகலத்தைப் பின்சுவரோரம், நடு, முன் என்று மூன்று இடத்தில், பலகை வரும் உயரத்திலேயே அளவுங்கள். நிலத்தில் எடுத்த அளவு உதவாது.
5. அட்டையில் அச்சு வெட்டுங்கள். ஃபோபூர் சான் தெனி வீதியின் மரக்கறிக் கடைகளில் பெரிய அட்டைப் பெட்டிகள் கேட்டால் கிடைக்கும். இரண்டு மூன்றைத் தட்டையாக்கி ஒட்டி, சுவரோடு சேர்த்து, ஓரம் பொருந்தும் வரை கத்தியால் சிறிது சிறிதாக வெட்டுங்கள். அச்சின் முகத்தில் "மேல்", "முன்" என்று பெரிதாக எழுதுங்கள்.

குறிப்பு: தண்ணீர் மூடும் குழாய் எங்கே இருக்கிறது என்று இப்போதே பாருங்கள். பலகை போட்ட பிறகும் கை அதற்குப் போக வேண்டும். போகாவிட்டால் அந்த இடத்தில் பலகையின் பின்னோரத்தில் ஒரு வாய் வெட்டத் திட்டமிடுங்கள்.

## வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருதல்

லாச்சப்பலிலிருந்து இரண்டு வழி சுலபம். கார் து நோரோடு இணைந்த மஜந்தா நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். ஈ ஏறினால் அடுத்த நிறுத்தம் ரோசா பார்க்ஸ். அங்கே லெருவா மெர்லன் கட்டிடப்பொருள் கடை உண்டு. இரண்டாம் இலக்க மெற்றோவில் போனால் பிளாஸ் து கிளிஷி அருகே கஸ்தோராமா கடை.

6. 250 செ.மீ. நீளம், 65 செ.மீ. அகலம், 32 மி.மீ. தடிப்புள்ள ஓக் பலகை ஏறத்தாழ 36 கிலோ. பழைய கட்டிட லிஃப்டுக்குள் அது நுழையாது, சுழல்படியில் திரும்பாது. கடையின் வெட்டும் பகுதியில் உங்கள் மிகப் பெரிய அகலத்தோடு 2 செ.மீ. கூட்டி வெட்டச் சொல்லுங்கள். 135 செ.மீ. துண்டு ஏறத்தாழ 20 கிலோதான். கடையில் நேர்வெட்டு மட்டும் செய்வார்கள். சுவர் நெளிவு உங்கள் வேலை.
7. வாங்குமுன் பலகையின் ஓரத்தை ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முறுக்கு இருந்தால் அடுத்ததை எடுங்கள்.
8. வீட்டில் அதைச் சுவரில் சாய்க்காமல், மூன்று கட்டைகள் மேல் படுக்கவைத்து, சில நாள் விடுங்கள். இரு பக்கமும் காற்றுப் பட வேண்டும். ரேடியேற்றருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

## தாங்குகட்டை

9. நீர்மட்டத்தால் மூன்று சுவரிலும் அடிமட்டக் கோடு கீறுங்கள். நிலத்திலிருந்து தனித்தனியாக அளந்து கீறினால் நிலத்தின் சரிவு பலகைக்கும் வந்துவிடும். ஒரு புள்ளியில் தொடங்கி, மட்டம் பிடித்தே சுற்றி வாருங்கள்.
10. 40க்கு 30 மி.மீ. பைன் கட்டைகளை (கடையில் தஸோ) அந்தக் கோட்டுக்குக் கீழே பூட்டுங்கள். 40 மி.மீ. பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும். 30 முதல் 40 செ.மீ.க்கு ஒரு திருகாணி. பக்கக் கட்டைகளை முன்னோரத்துக்கு 5 செ.மீ. முன்னரே நிறுத்தினால் வெளியே தெரியாது.
11. அகலம் 120 செ.மீ.யைத் தாண்டினால் முன்பக்கம், மெசினுக்கு அருகில், ஒரு கால் கொடுங்கள். பிளாக்கோ சுவரென்றால் அகலம் குறைவாக இருந்தாலும் கால் கொடுங்கள். 20 கிலோ அரிசி மூட்டையை யாராவது ஒருநாள் நடுவில் வைக்கத்தான் செய்வார்கள்.
12. கட்டைகளின் மேல் கையூன்றி உங்கள் பாரத்தைப் போட்டுப் பாருங்கள். அசைந்தால் இப்போதே திருத்துங்கள்.

## வெட்டுதல்

13. ஜிக்சோவின் பல் மேல்நோக்கி வெட்டும். சிராய் மேல்முகத்தில்தான் கிளம்பும். ஆகவே பலகையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் கீறி வெட்டுங்கள். அச்சையும் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். "மேல்" என்று எழுதிய முகம் பலகையைப் பார்க்க வேண்டும்.
14. அச்சின் ஓரத்திலிருந்து பின்பக்கமும் இரு பக்கங்களும் 3 மி.மீ. உள்ளே தள்ளிக் கீறுங்கள். கோட்டின் மேல் காகித நாடா ஒட்டினால் கோடு தெளிவாகத் தெரியும்.
15. பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். வெட்டி விழும் துண்டை ஒருவர் தாங்கிப் பிடிக்கட்டும். தாங்காவிட்டால் கடைசி அங்குலத்தில் அது முறிந்து மூலையைக் கிழிக்கும்.
16. கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. விட்டு வெட்டி, மிச்சத்தைச் சீவுளியால் எடுங்கள். வைத்துப் பாருங்கள், கழற்றுங்கள், சீவுங்கள், மீண்டும் வைத்துப் பாருங்கள். இதில் அவசரம் வேண்டாம்.

## தேய்த்தலும் எண்ணெயும்

17. 80, 120, 180 என்ற வரிசையில் மர ரேகையோடு தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். முன்விளிம்பைச் சிறிது உருட்டுங்கள்.
18. தூளை முழுதாக உறிஞ்சி எடுத்து, எண்ணெய்-மெழுகுக் கலவையையோ ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த மேற்பலகை எண்ணெயையோ மெல்லியதாகப் பூசுங்கள். மரம் குடிக்காத மிச்சத்தைத் தகரத்தில் சொன்ன நேரத்துக்குள் துடைத்துவிடுங்கள். விட்டால் பசைபோல் ஒட்டும்.
19. ஆறு முகங்களுக்கும் பூசுங்கள்: மேல், கீழ், நான்கு ஓரங்கள். அடிப்பக்கத்தை விட்டால் மெசினின் ஆவி கீழிருந்து ஏறி, பலகை கிண்ணம்போல் வளையும். வெட்டிய குறுக்கு ஓரங்கள் அதிகம் குடிக்கும். அவற்றுக்கு ஒரு பூச்சு கூடுதலாகக் கொடுங்கள். மொத்தம் மூன்று பூச்சு.

எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வேலை முடிந்ததும் துணியைத் தண்ணீரில் முக்குங்கள், அல்லது யன்னலுக்கு வெளியே தனித்தனியாக விரித்து முழுதாகக் காயவிடுங்கள்.

## பூட்டுதல்

மர ரேகை ஓடும் திசையில், அதாவது இடம் வலமாக, பலகை அசைவது மிகச் சொற்பம். முன் பின்னாகத்தான் விரிந்து சுருங்கும். குளிர்காலத்தில் ரேடியேற்றர் அறைக்காற்றை உலர்த்தும். கோடையில் ஈரம் திரும்பும். 65 செ.மீ. அகலப் பலகையில் இது சில மில்லிமீற்றர் வரை போகும். எல்லாப் பக்கமும் இறுக்கிப் பூட்டினால் பலகை வெடிக்கும்.

20. பின்கட்டையில் இரண்டு சாதாரண எல் வடிவ இணைப்புகளால் இறுக்கிப் பூட்டுங்கள்.
21. பக்கக் கட்டைகளில் நீள்துளை உள்ள இணைப்புகளைப் பாவியுங்கள். நீள்துளை முன் பின்னாக இருக்கட்டும். திருகாணி துளையின் நடுவில் நிற்கட்டும். இப்படிச் செய்தால் பின்னோரம் அசையாது. விரிவெல்லாம் திறந்திருக்கும் முன்பக்கம் போகும்.
22. பலகைக்குள் போகும் திருகாணி 20 மி.மீ.க்கு மேல் வேண்டாம். துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியே எடுங்கள். சாதாரண இரும்பு ஓக்கைக் கறுப்பாக்கும். முதலில் மெல்லிய துளை போட்டுவிட்டுத் திருகுங்கள்.
23. சுவரோர இடைவெளியைக் குளியலறைக்குரிய சிலிக்கோனால் அடையுங்கள். வெள்ளைச் சீமெந்துப் பூச்சு வேண்டாம், அது வெடிக்கும். சிலிக்கோனைக் கத்தியால் கீறினால் பலகை மீண்டும் கழன்று வரும்.
24. மெசினை வெறுமையாக, அதிவேகச் சுழற்சியில் ஓட்டுங்கள். பலகையில் கை வைத்துப் பாருங்கள். அதிர்வு ஏறினால் எங்கோ தொடுகிறது. மெசினின் கால்களைத் திருத்துங்கள்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

- ஒரே இடத்தில் அகலம் அளந்து, கடையிலேயே கடைசி அளவுக்கு வெட்டுவித்தல்.
- அச்சைக் கவிழ்க்க மறந்து, இடதும் வலதும் மாறி வெட்டுதல்.
- பலகையை மெசின் மேல் நேரடியாக வைத்தல். அதிர்ந்து அதிர்ந்து நகரும், சத்தம் போடும், மெசினின் மூடியும் நசியும்.
- மெசின் பழுதானால் வெளியே எடுக்க இடமில்லாமல் முன்பக்கம் கட்டை அடித்தல்.
- எண்ணெய் காயுமுன் பிளாஸ்ரிக் வாளி வைத்தல்.

## பராமரிப்பு

சிந்திய தண்ணீரை அன்றன்றே துடையுங்கள். ஜவெல் (புளீச்) பட்டால் உடனே கழுவுங்கள். அது மரத்தின் நிறத்தை எடுத்துவிடும். ஈரமான இரும்புத் தாச்சியையோ திருவலையையோ ஓக் பலகையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கறுப்புக் கறை விழுந்துவிட்டால் கையுறை போட்டு, ஒக்சாலிக் அமிலக் கரைசலால் துடைத்து, நன்றாக அலம்பி, காய்ந்தபின் எண்ணெய் பூசுங்கள். மஞ்சள்தூள் கறை மங்கும், முழுதாகப் போகாது. ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். அது முத்தாக நிற்காமல் மரத்துக்குள் இறங்கினால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை போதும்.

மிஞ்சிய மரத்துண்டுகளை நடைபாதையில் விடாதீர்கள். பாரிஸ் மாநகரத்துக்கு 3975இல் சொன்னால் பெரிய கழிவுகளை இலவசமாக எடுத்துச் செல்வார்கள். ஆனால் ஒரு முழத்துக்கு மேல் நீளமான துண்டு மிஞ்சியிருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அதே மரம், அதே நிறம். சவர்க்காரத்தூள் பெட்டிக்கு ஒரு தட்டு அடிக்க அது போதும்.